நாடுகளின் கல்வியை ஒரே அளவுகோலால் எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி இது: பிசா, டிம்ஸ் போன்ற பன்னாட்டுத் தேர்வுகளின் முடிவு வரும்போதெல்லாம் ஒரு நாடு முதலிடம், இன்னொன்று அறுபதாம் இடம் என்று செய்தி வருகிறது. பாடத்திட்டம், மொழி, பள்ளி அமைப்பு எல்லாமே நாட்டுக்கு நாடு வேறாக இருக்கும்போது இதை எப்படி அளக்கிறார்கள்? எவ்வளவு தூரம் நம்பலாம்?

அளவீட்டை நம்பலாம். அதன் பலம் முழுக்க, தேர்வுக்குச் சில ஆண்டுகள் முன்பே நாடுகள் கூடிச் செய்துகொள்ளும் உடன்பாடுகளில் இருக்கிறது. யாரை மாணவர் என்பது, எந்த வகுப்பு எந்த நிலை, எத்தனை பேர் வராவிட்டால் ஒரு நாட்டின் முடிவை ஒதுக்கிவைப்பது என்று எல்லாம் முன்கூட்டியே எழுதப்படுகிறது. அந்த உடன்பாடு எங்கே உடைந்தது என்று பார்க்கத் தெரிந்தவருக்குப் பட்டியலைப் படிக்கவும் தெரிந்துவிடும். தரவரிசை எண் அந்தப் படிப்பில் கடைசியாக வர வேண்டியது.

இதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன: எண்ணுவது, சோதிப்பது. எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், எத்தனை ஆசிரியர்கள், எவ்வளவு செலவு என்று எண்ணும் வேலையை உலக அளவில் யுனெஸ்கோவின் புள்ளிவிவர நிறுவனம் பார்க்கிறது. 1999இல் தொடங்கிய இந்த நிறுவனம் கனடாவின் மாண்ட்ரியலில் இருக்கிறது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 1992 முதல் கல்விக் குறியீடுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. ஒரே விவரத்தை நாடுகள் மூன்று இடங்களுக்கு மூன்று விதமாக அனுப்ப வேண்டியதில்லை என்பதற்காக, இவ்விரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டும் சேர்ந்து 1993 முதல் பொதுப் படிவங்களைப் பயன்படுத்துகின்றன.

எண்ணுவது எளிது போலத் தெரியும், அப்படி இல்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி 4 ஆண்டு. சுவீடனில் கட்டாயப் பள்ளி இடையில் பிரிவில்லாமல் 9 ஆண்டு ஓடுகிறது. 'தொடக்கக் கல்வி' என்ற பெயரை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. இதற்காகத்தான் யுனெஸ்கோ 1970களில் இஸ்கெட் என்ற கல்வி நிலைகளின் பன்னாட்டு வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. 1997இல் ஒருமுறையும் 2011இல் ஒருமுறையும் அதைத் திருத்தினார்கள். இப்போது 0 முதல் 8 வரை ஒன்பது நிலைகள். பள்ளியின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இஸ்கெட் பார்ப்பதில்லை. எந்த வயதில் சேர்கிறார்கள், ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் நடத்துகிறாரா, பாடத்துக்கு ஓர் ஆசிரியரா, படித்து முடித்தவர் அடுத்து எதில் சேரலாம் என்று பார்த்துத்தான் நிலையை முடிவு செய்கிறார்கள். சுவீடனைப் போலப் பிரிவில்லாத அமைப்பில் முதல் 6 ஆண்டுகள் நிலை 1, மீதி நிலை 2 என்று கணக்கு.

இந்த எண்களில் அடிக்கடி தவறாகப் படிக்கப்படுவது மொத்தச் சேர்க்கை விகிதம். ஒரு நாட்டில் தொடக்கக் கல்விக்குரிய வயதில் 10 லட்சம் பிள்ளைகள் இருந்து, தொடக்கப் பள்ளிகளில் 11 லட்சம் பேர் படித்தால் விகிதம் 110 சதவீதம். எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை. வகுப்பில் தேங்கியவர்கள், தாமதமாகச் சேர்ந்தவர்கள், வயதுக்கு முன்னே சேர்ந்தவர்கள் எல்லாரும் மேல் எண்ணில் இருக்கிறார்கள். கீழ் எண்ணில் உரிய வயதினர் மட்டும். 110 சதவீதம் காட்டும் நாட்டில் பல லட்சம் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருக்க முடியும். போதாததற்கு, மேல் எண் கல்வி அமைச்சகத்திலிருந்தும் கீழ் எண் மக்கள்தொகை மதிப்பீட்டிலிருந்தும் வருகின்றன. கடைசிக் கணக்கெடுப்பு பழையதாகிவிட்டால் கீழ் எண்ணில் பிழை ஏறி, பள்ளியில் எதுவும் மாறாமலே விகிதம் மாறும்.

செலவுக் கணக்கிலும் இதே சிக்கல். ஒரு மாணவருக்கு ஆகும் செலவை வாங்குதிறன் அடிப்படையில் டாலராக மாற்றித் தருகிறார்கள். ஆனால் நிதியாண்டும் கல்வியாண்டும் ஒன்றாக ஓடுவதில்லை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் போகும் பணமும் சேர்ந்தே கணக்கில் வருவதால், ஆராய்ச்சி அதிகம் நடக்கும் நாட்டில் உயர்கல்விச் செலவு மிகப் பெரிதாகத் தெரியும். ஆராய்ச்சியைக் கழித்த எண்ணும் தனியாக வெளியாகிறது. அதைத் தேடி எடுத்து ஒப்பிட வேண்டும்.

இனி சோதிக்கும் வேலை. 1958இல் ஹாம்பர்க்கில் உள்ள யுனெஸ்கோ கல்வி நிறுவனத்தில் ஆய்வாளர்கள் கூடியபோது விதைக்கப்பட்டது இது. நாடுகளின் கற்றல் அடைவை ஒப்பிட்டு ஆராயும் ஐஇஏ என்ற அமைப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. 1964இல் 12 நாடுகளில் முதல் கணிதத் தேர்வை நடத்தினார்கள். சுவீடனைச் சேர்ந்த டோர்ஸ்டென் ஹுசேன் அதை வழிநடத்தினார். இன்றுவரை இந்தத் துறையை விடாமல் பிடித்திருக்கும் சிக்கல் அப்போதே தலைகாட்டியது. மேல்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு மாணவர்களைச் சோதித்தார்கள். சில நாடுகளில் அந்த வயதினரில் பெரும்பாலோர் அதுவரை படித்தார்கள். சில நாடுகளில் வடிகட்டிய சிலர் மட்டும். வடிகட்டியவர்களின் சராசரி உயரத்தானே செய்யும்? ஆகவே ஒவ்வொரு நாட்டிலும் வயதுக் குழுவில் ஒரே விகிதமான முன்னணி மாணவர்களை மட்டும் எடுத்துத் தனியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலில் தெரிந்த பெரிய இடைவெளிகள் அதில் வெகுவாகக் குறைந்தன.

எந்தத் தேர்வு முடிவைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: எழுதியவர்கள் யார்?

ஓஇசிடியின் பிசா 2000இல் தொடங்கியது. 15 ஆண்டு 3 மாதம் முதல் 16 ஆண்டு 2 மாதம் வரை வயதுள்ள, 7ஆம் வகுப்பிலோ அதற்கு மேலோ படிக்கும் மாணவர்கள்தான் அதன் இலக்கு. வகுப்பு எதுவானாலும் வயது ஒன்று. ஐஇஏ நடத்தும் டிம்ஸ் 1995 முதல் 4 ஆண்டுக்கு ஒருமுறை 4ஆம், 8ஆம் வகுப்புகளில் கணிதமும் அறிவியலும் சோதிக்கிறது. பிர்ல்ஸ் 2001 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை 4ஆம் வகுப்பின் வாசிப்பைச் சோதிக்கிறது. இங்கே வகுப்பு ஒன்று, வயது மாறும். வகுப்பில் தேங்கவைக்கும் வழக்கமுள்ள நாட்டில் 15 வயதுப் பிள்ளை இன்னும் 8ஆம் வகுப்பில் இருக்கலாம். பிசாவில் அந்த நாடு அடிவாங்கும், டிம்ஸில் அவ்வளவு வாங்காது.

பிசா இலக்கு பள்ளியில் இருப்பவர்கள் மட்டுமே என்பதால் அறிக்கையின் பின்னிணைப்பில் ஓர் எண் தருகிறார்கள்: அந்த நாட்டின் 15 வயதினர் அனைவரிலும் எத்தனை சதவீதத்தினருக்கு இந்த முடிவு பொருந்தும் என்ற எண். 2022இல் கம்போடியாவுக்கு இது 36 சதவீதம், குவாத்தமாலாவுக்கு 48. வியட்நாம் 2012இல் பல பணக்கார நாடுகளை முந்தியபோது அந்த எண் 56 சதவீதம். வியட்நாமின் வகுப்பறைகளில் நல்ல கற்பித்தல் நடக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் 95 சதவீதத்தினரைச் சோதித்த நாட்டின் பக்கத்தில் அதை அப்படியே வைத்துப் பேசுவது நியாயமில்லை. பள்ளியை விட்டுப் போனவர்களைத் திரும்பச் சேர்க்கும் நாட்டின் சராசரி சில காலம் இறங்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த இறக்கத்தைத் தோல்வி என்று எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்கே இழைக்கும் அநீதி.

மாதிரி எடுப்பது இப்படி நடக்கும். நாடு முதலில் இலக்கு வயதினர் இருக்கும் எல்லாப் பள்ளிகளின் பட்டியலையும் மாணவர் எண்ணிக்கையோடு தர வேண்டும். பகுதி, பள்ளி வகை என்று பிரித்து அடுக்கிய பட்டியலிலிருந்து பெரிய பள்ளிக்கு அதிக வாய்ப்பு கிடைக்கும் முறையில், குறைந்தது 150 பள்ளிகளைப் பன்னாட்டு ஒப்பந்ததாரர் எடுக்கிறார். எடுக்கும் உரிமை பெரும்பாலும் நாட்டிடம் விடப்படுவதில்லை. எடுத்த பள்ளிக்குப் பட்டியலில் முன்னும் பின்னும் இருக்கும் பள்ளிகள் மாற்றுப் பள்ளிகளாகக் குறிக்கப்படும். பிசாவில் பள்ளியின் எல்லா வகுப்புகளிலும் சிதறியிருக்கும் 15 வயதினரிலிருந்து குலுக்கல் முறையில் மாணவர்களை எடுப்பார்கள். டிம்ஸில் முழு வகுப்பாக ஒன்றோ இரண்டோ எடுப்பார்கள். ஆசிரியரையும் அவர் வகுப்பையும் இணைத்துப் பார்க்க அதுதான் வசதி.

வரம்புகள் கறாரானவை. பிசாவில் முதலில் எடுத்த பள்ளிகளில் 85 சதவீதம் பங்கேற்க வேண்டும். 65 முதல் 85 வரை இருந்தால் மாற்றுப் பள்ளிகளைச் சேர்த்து ஈடுகட்டலாம், ஆனால் அப்போது தேவையான மொத்த அளவு இன்னும் கூடும். மாணவர்களில் 80 சதவீதம் எழுத வேண்டும். ஊனம், மொழி தெரியாமை போன்ற காரணங்களால் விலக்கப்படுவோர் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவற்றில் சறுக்கியவர்கள் சிறிய நாடுகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்து 2000இல் பள்ளிகள் போதாமல் ஒப்பீட்டுக்கு வெளியே போனது. 2003இல் இங்கிலாந்தில் பங்கேற்பு குறைந்ததால் பிரிட்டனின் முடிவு ஒப்பீட்டு அட்டவணைகளில் இடம்பெறவில்லை. 2015இல் அர்ஜென்டினாவின் பள்ளிப் பட்டியல் முழுமையாக இல்லாததால் புவெனஸ் ஐரிஸ் நகரத்தின் முடிவை மட்டுமே ஒப்பிட முடிந்தது. 2018இல் சுவீடன் சுமார் 11 சதவீத மாணவர்களை விலக்கியது பின்னர் அந்நாட்டிலேயே பெரிய சர்ச்சையானது. 2022 அட்டவணையில் ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நெதர்லாந்து, அமெரிக்கா உள்ளிட்ட பல பெயர்களுக்குப் பக்கத்தில், வரம்பு ஏதோ ஒன்று எட்டப்படவில்லை என்று காட்டும் உடுக்குறி (*) இருக்கிறது. செய்தித்தாளுக்கு வரும்போது அந்த உடுக்குறிதான் முதலில் காணாமல் போகிறது.

அடுத்தது மொழி. பிசாவில் மூலம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தயாராகிறது. இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் இரண்டையும் வைத்து ஒன்றாக்க, பிறகு நாட்டுக்கு வெளியே இருக்கும் சரிபார்ப்பாளர் வரிக்கு வரி பார்க்கிறார். இவ்வளவும் எதற்கு? ஒரு பத்தியில் 'வெள்ளம்' என்று வருகிறது. கேள்வியிலும் 'வெள்ளம்' என்றே இருந்தால் மாணவர் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து விடையை எடுத்துவிடலாம். மொழிபெயர்ப்பாளர் நடை அழகுக்காகக் கேள்வியில் 'நீர்ப்பெருக்கு' என்று போட்டுவிட்டால், இரண்டும் ஒன்று என்று புரிந்துகொள்ளும் வேலையும் மாணவர் தலையில் விழுகிறது. தேடல் கேள்வி புரிதல் கேள்வியாகிவிட்டது. மொழிபெயர்ப்பில் பிழை ஒன்றும் இல்லை, கடினம் மட்டும் கூடிவிட்டது. இதன் மறுபக்கமும் உண்டு. நான்கு விடைகளில் சரியானது மட்டும் நீளமாக அமைந்துவிட்டால் படிக்காதவரும் அதைத் தேர்ந்தெடுப்பார். ஆகவே எந்தச் சொல் திரும்ப வர வேண்டும், எது வரக் கூடாது என்று ஒவ்வொரு கேள்விக்கும் குறிப்பு எழுதி அனுப்புகிறார்கள். பிறகு முன்னோட்டத் தேர்வு. ஏதோ ஒரு நாட்டில் மட்டும் ஒரு கேள்வி எதிர்பாராத அளவு கடினமாகவோ எளிதாகவோ நடந்துகொண்டால் மொழிபெயர்ப்பைத் தோண்டிப் பார்ப்பார்கள். முதன்மைத் தேர்விலும் அப்படி நடந்தால் அந்த நாட்டுக்கு மட்டும் அந்தக் கேள்வியைத் தனியாகக் கணக்கிடவோ நீக்கவோ செய்வார்கள்.

இத்தனை காவலையும் தாண்டி வழுக்கிய இரண்டு இடங்களைச் சொல்கிறேன். 2006இல் அமெரிக்காவின் தேர்வுப் புத்தகங்கள் அச்சாகும்போது பக்கங்கள் நகர்ந்துவிட்டன. 'எதிர்ப் பக்கத்தில் உள்ள பத்தியைப் பார்' என்று கேள்வி சொல்ல, எதிர்ப் பக்கத்தில் அந்தப் பத்தி இல்லை. கணிதத்திலும் அறிவியலிலும் பாதிப்பு மிகச் சிறிது என்று கணக்கிட்டு அவற்றை வெளியிட்டார்கள். வாசிப்பு முடிவு வெளியாகவே இல்லை. 2018இல் ஸ்பெயினில் நடந்தது வேறு. வாசிப்பு வேகத்தைப் பார்க்க எளிய வாக்கியங்களைக் காட்டி, இதற்குப் பொருள் இருக்கிறதா, இல்லையா என்று கேட்டார்கள். விமானங்கள் நாய்களால் செய்யப்பட்டவை என்கிற ரகம். கணிசமான மாணவர்கள் சில நொடிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சில பகுதிகளில் முக்கியமான உள்ளூர்த் தேர்வுகள் அதே வாரங்களில் நடந்தது ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. 2019 டிசம்பரில் வர வேண்டிய ஸ்பெயினின் வாசிப்பு முடிவு 2020 ஜூலையில்தான் வந்தது. கணினியில் தேர்வு நடந்து, ஒவ்வொரு விடைக்கும் ஆன நேரம் பதிவானதால்தான் இது கண்ணில் பட்டது. காகிதத் தேர்வாக இருந்திருந்தால் கண்டுபிடிப்பது வெகு கடினம்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். பிசாவில் ஒரு மாணவர் 2 மணி நேரம் எழுதுகிறார். ஆனால் மொத்தக் கேள்விகள் பல மணி நேரத்துக்கு இருக்கும். அவற்றைத் துண்டுகளாகப் பிரித்து வெவ்வேறு மாணவருக்கு வெவ்வேறு சேர்க்கையாகத் தருகிறார்கள். ஆகவே தனி மாணவருக்கு மதிப்பெண் என்று ஒன்று கிடையாது, மதிப்பெண் நாட்டுக்குத்தான். அளவுகோலின் மையம் 500, மதிப்பெண்கள் மையத்தைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 100 என்று தொடக்கத்தில் நிறுத்தினார்கள். அந்த மையம் எல்லாக் காலத்துக்கும் நிலையாக இருக்காது. 2022இல் ஓஇசிடி நாடுகளின் கணிதச் சராசரி 472தான்.

இரண்டு நாடுகளின் இடைவெளி உண்மையானதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு நாடு 502, அதன் திட்டப்பிழை, அதாவது எல்லாரையும் சோதிக்காமல் மாதிரியை மட்டும் சோதித்ததால் வரும் நிச்சயமின்மையின் அளவு, 3. இன்னொன்று 496, திட்டப்பிழை 3.5. இரண்டு பிழைகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 4.6. 95 சதவீத உறுதிக்காக அதை 1.96ஆல் பெருக்கினால் 9. இடைவெளி 6தான் என்பதால் இவ்விரு நாடுகளும் வேறு வேறு என்று சொல்ல ஆதாரம் இல்லை. பட்டியலில் இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு நாடுகள் இருந்தாலும் ஆதாரம் இல்லைதான். இதே 502உம் 496உம் ஒரே நாட்டின் 2015, 2018 வாசிப்பு மதிப்பெண்கள் என்றால் இன்னொரு பிழையும் சேரும். இரண்டு ஆண்டுத் தேர்வுகளையும் ஒரே அளவுகோலில் கட்டுவதில் வரும் இணைப்புப் பிழை, அந்த இணைக்கு 3.93. அதையும் வர்க்கப்படுத்திச் சேர்த்தால் எல்லை 12 ஆகிறது. '6 புள்ளி சரிவு' என்று அமைச்சரைக் கேள்வி கேட்பவரும் '6 புள்ளி முன்னேற்றம்' என்று மார்தட்டும் அமைச்சரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

இரண்டு தேர்வுகளின் எண்களைக் கலப்பது இதைவிடப் பெரிய தவறு. 2015 டிம்ஸ் 8ஆம் வகுப்புக் கணிதத்தில் ரஷ்யா 538, நியூசிலாந்து 493. அதே ஆண்டு பிசா கணிதத்தில் ரஷ்யா 494, நியூசிலாந்து 495. ஒன்றில் 45 புள்ளி வித்தியாசம், மற்றதில் ஒன்றுமில்லை. டிம்ஸ் பாடத்திட்டத்தில் உள்ளதைக் கற்றார்களா என்று பார்க்கிறது. பிசா கற்றதை வாழ்க்கைச் சூழலில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்க்கிறது. இரண்டும் தேவையான கேள்விகளே. 500 என்ற மையம் இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்தாலும், அதை நிறுத்தப் பயன்பட்ட நாடுகளின் கூட்டமே வேறு.

மாணவர் நிரப்பும் வினாப்படிவத்தில் இன்னும் கவனம் தேவை. ஒரு நாட்டுக்குள் பார்த்தால் கணிதத்தில் தன்னம்பிக்கை உள்ளவர்கள் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள். நாடுகளை ஒப்பிட்டால் பலமுறை தலைகீழ்: சராசரித் தன்னம்பிக்கை குறைவாக உள்ள கிழக்காசிய நாடுகள் மேலே இருக்கின்றன. 'மிகவும் உடன்படுகிறேன்' என்று குறிப்பதில் நாட்டுக்கு நாடு பழக்கம் வேறு. மனப்பான்மை பற்றிய பன்னாட்டுத் தரவரிசை எதையும் என்னால் ஆதாரமாக ஏற்க முடியாது.

ஏழை நாடுகளுக்கு இந்தத் தேர்வுகள் நெடுங்காலம் சரியாகப் பொருந்தவில்லை. பாதிப் பேர் அடிமட்டத்துக்கும் கீழே இருந்தால், அவர்களுக்கு என்ன தெரியும் என்று தேர்வு சொல்லாது, என்ன தெரியாது என்று மட்டும்தான் சொல்லும். இதற்காக 2017இல் கம்போடியா, செனகல், ஜாம்பியா உள்ளிட்ட 7 நாடுகளில் எளிய கேள்விகள் சேர்த்த பிசாவை நடத்தினார்கள். அடுத்த ஆண்டு சில நாடுகளில் பள்ளியில் இல்லாத 14 முதல் 16 வயதினரை வீட்டுக்கே போய்ச் சந்தித்தார்கள். பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்காவில் பாசெக், தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவில் சாக்மெக், லத்தீன் அமெரிக்காவில் யுனெஸ்கோவின் எர்சே என்று வட்டாரத் தேர்வுகளும் இருக்கின்றன. நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.1.1 என்ற குறியீடு வாசிப்பிலும் கணிதத்திலும் குறைந்தபட்சத் திறன் பெற்றவர்களின் விகிதத்தைக் கேட்கிறது. தனித்தனி அளவுகோல்களை இதற்காக இணைக்க வேண்டும். ஐஇஏவும் யுனெஸ்கோ புள்ளிவிவர நிறுவனமும் எடுத்த வழி நேர்த்தியானது: புருண்டி, கினி, செனகல் மாணவர்களைப் பாசெக்கையும் ஐஇஏ தேர்வையும் எழுதவைத்தார்கள். கொலம்பியா, குவாத்தமாலா மாணவர்கள் எர்சேயையும் ஐஇஏ தேர்வையும் எழுதினார்கள். இரண்டையும் எழுதிய அதே பிள்ளைகள்தான் இரு அளவுகோல்களுக்கும் நடுவே பாலம்.

அறிக்கையை நீங்களே படிப்பதானால் பின்னிணைப்பிலிருந்து தொடங்குங்கள்: இலக்கு வயதினரில் எத்தனை சதவீதம், விலக்கு எவ்வளவு, பங்கேற்பு வரம்பு எட்டியதா, உடுக்குறி எதற்கு. பிறகு குறைந்தபட்ச நிலையை எட்டாதவர்களின் விகிதம். பிசா கணிதத்தில் அது சுமார் 420 புள்ளிக்குக் கீழ். அதன் பிறகு மேல் பத்து சதவீதத்துக்கும் கீழ் பத்து சதவீதத்துக்கும் உள்ள இடைவெளி. சராசரி அதற்கும் பிறகுதான்.

மூலத் தரவும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இறங்குபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. 2015 முதல் பிசாவில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு பாடத்திலும் பத்து உத்தேச மதிப்புகள், அதாவது அவருடைய விடைகளையும் பின்னணியையும் வைத்து அவர் திறன் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்ட பத்து எண்கள், இருக்கும். அந்தப் பத்தையும் முதலிலேயே சராசரி எடுத்து ஒற்றை மதிப்பெண்ணாக்கிவிட்டால் மாணவர்களிடையே உள்ள பரவல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், திட்டப்பிழையும் தவறாக வரும். கணக்கைப் பத்து முறை தனித்தனியே, மாணவர் எடையை (மாதிரியில் உள்ள ஒருவர் நாட்டில் எத்தனை மாணவர்களுக்குப் பதிலாக நிற்கிறார் என்ற எண்ணை) போட்டுச் செய்து, கடைசியில் பத்து விடைகளைச் சராசரி எடுக்க வேண்டும். திட்டப்பிழைக்குக் மாதிரி சற்று மாறியிருந்தால் விடை எவ்வளவு மாறும் என்று பார்க்கக் கோப்பிலேயே தந்திருக்கும் 80 மறுமாதிரி எடைகளைப் பயன்படுத்த வேண்டும்.